கதவை அஞ்சு தடவை ஆட்டினா போதுமா?

இந்த ரீல்ஸ உங்கள்ல பாதிப் பேராவது பாத்திருப்பீங்க. வெயில்ல நின்ன கார். ஒரு பக்கக் கண்ணாடியை முழுசா இறக்கி விட்டுட்டு, எதிர்ப்பக்கக் கதவை அஞ்சாறு தடவை விசிறி மாதிரி திறந்து திறந்து மூடுவாங்க. உள்ள இருக்கிற சூடு மொத்தமும் வெளிய ஓடிடுமாம். போன வருஷம் ஏப்ரல்ல அதை நான் அப்பாவுக்கு அனுப்பினேன். கீழ "ட்ரை பண்ணிப் பாருப்பா"ன்னு ஒரு வரி. ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரல.

எங்க அப்பா வேலூர்ல டாக்ஸி ஓட்டுறாரு. சொந்த வண்டி, வெள்ளை கலர், மஞ்சள் போர்டு, லோன் இன்னும் 14 மாசம் பாக்கி. வெயிலுக்குப் பேர் போன ஊர்ல இருபது வருஷத்துக்கு மேல வண்டி ஓட்டுற மனுஷனுக்கு, ஹாஸ்டல்ல ஃபேனுக்கு அடியில படுத்துக்கிட்டு நான் டிப்ஸ் அனுப்பியிருக்கேன். இப்ப நெனச்சா சிரிப்பு வருது. அப்ப பெருமையாதான் இருந்துச்சு, இ.சி.இ. படிக்கிற பொண்ணு இல்லையா.

மே மாசம், கத்திரி ஆரம்பிச்சு ஒரு வாரம். எனக்கு செமஸ்டர் பரீட்சை நடந்துக்கிட்டு இருந்துச்சு. மதியம் ரெண்டரை மணிக்கு ஸ்டாண்டுல அப்பா கூட வண்டி ஓட்டுற ஒரு அண்ணன் போன் பண்ணாரு. "பாப்பா, பயப்படாத, அப்பா நல்லாதான் இருக்காரு"ன்னு ஆரம்பிச்சாரு. அப்படி ஒருத்தர் ஆரம்பிச்சா நமக்கு வயித்துல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல சவாரியை இறக்கி விட்டிருக்காரு. வெளியூர்க் குடும்பம். "ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடுறோம்ணா, இங்கயே இருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நிமிஷத்துல எதுவும் நடக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். வண்டியை விட்டு இறங்கினா செக்யூரிட்டி விசில் அடிப்பாரு, வண்டியை எடுக்கச் சொல்லுவாரு. அதனால உள்ளயே உக்காந்திருக்காரு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. நின்ன இடத்துல ஏசி போட்டு ஓட விட்டா மணிக்கு முக்கால் லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் டீசல் குடிக்கும்னு அவர் கணக்கு. ட்ரிப்புல கையில நிக்கிறதே நூத்தம்பது ரூபாய்னா, அதுல ஒரு லிட்டர் டீசலைக் காத்துல விட மனசு வருமா? மழைத்தூறல் மாதிரி தூசி அடிச்சதால கண்ணாடியையும் முக்கால்வாசி ஏத்தி வெச்சிருக்காரு.

ஒரு மணி பத்து நிமிஷம் கழிச்சு அந்தக் குடும்பம் வந்தப்போ அப்பா ஸ்டீயரிங் மேல தலையை வெச்சுக் கிடந்திருக்காரு. கூப்பிட்டதுக்கு பதில் சொன்னாராம், ஆனா எந்த ஊருக்குப் போகணும்னு சம்பந்தமே இல்லாமக் கேட்டாராம். நல்லவேளை, ஆஸ்பத்திரி வாசல். நிழல்ல படுக்க வெச்சு, சட்டையைக் கழட்டி, ஈரத்துண்டு போட்டு, ட்ரிப்ஸ் ஏத்தி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னும் இருபது நிமிஷம் தாமதமா இருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னதை அம்மா என்கிட்ட பரீட்சை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொன்னாங்க.

வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கதவு ட்ரிக் பண்ணியாப்பா?" (ஆமா, அதைத்தான் கேட்டேன். என்னத்தைச் சொல்ல.) அப்பா சிரிச்சாரு. "பாப்பா, அதை நான் அம்பாசிடர்லயே பண்ணவன். காத்துதான் போகும். சூடு போகாது."

காத்து போகும், சூடு போகாது. அந்த ஒரு வரியை சரிபார்க்கத்தான் மிச்ச லீவு முழுக்க செலவாச்சு. மினி ப்ராஜெக்ட்ல மிஞ்சின ஒரு ஆர்டுயினோ, நாலு டிஎஸ்18பி20 சென்சார், ஒரு மெமரி கார்டு மாட்யூல். டேஷ்போர்டு மேல ஒண்ணு, டிரைவர் சீட் மேல ஒண்ணு, தலை உயரத்துல காத்துக்கு ஒண்ணு, வெளிய நிழல்ல ஒண்ணு. அப்பா ரெஸ்ட்ல இருந்ததால வண்டி வீட்டு வாசல்லயே நின்னுச்சு.

முதல் நாள் காத்து 68 டிகிரின்னு காட்டுச்சு. துள்ளிக் குதிச்சுட்டேன். லேப் சாருக்கு அனுப்பினா, "சென்சார் மேல நேரா வெயில் படுதாம்மா? அப்ப நீ அளக்கிறது காத்தை இல்ல, சென்சாரை"ன்னு பதில் வந்துச்சு. ஒரு பேப்பர் கப்பை ஓட்டை போட்டுக் கவிழ்த்து, நிழல் பண்ணி மறுபடி அளந்தேன். நீங்க யாராவது இதைச் செய்யப்போறீங்கன்னா இந்த இடத்துல மாட்டிக்காதீங்க.

ரெண்டாம் நாள் ஒழுங்கான ரீடிங். வெளிய 40. பன்னெண்டு பத்துக்குக் கண்ணாடியெல்லாம் ஏத்தி மூடினேன். அரை மணியில உள்ள காத்து 53. ஒரு மணி நேரத்துல 57. டேஷ்போர்டு 74. முட்டையை வேக வைக்கவே போதும். கவனிங்க, ஏற வேண்டிய சூட்டுல பெரும்பங்கு முதல் அரை மணிக்குள்ளயே ஏறிடுச்சு. இது என் வண்டியோட கதை மட்டும் இல்ல. 2005-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் டாக்டர்கள் செஞ்ச ஆய்வுலயும் ஒரு மணி நேரத்துல ஏறுற வெப்பத்துல சராசரியா 80 சதவீதம் முதல் 30 நிமிஷத்துலயே ஏறிடுதுன்னு வந்திருக்கு. கண்ணாடியை லேசாத் திறந்து வெச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லைங்கிறதும் அதே ஆய்வுதான். நானும் ரெண்டு விரல் இடைவெளி விட்டுப் பாத்தேன். 57-க்குப் பதிலா 55. அவ்வளவுதான். "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தானே வெச்சிருக்கேன், குழந்தை தூங்கட்டும்"னு கடைக்குள்ள போறவங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா இந்த வரியை மட்டும் காட்டுங்க. குழந்தையோட உடம்பு பெரியவங்க உடம்பை விட ரொம்ப சீக்கிரம் சூடாகும். ஒரு நிமிஷம் கூட விட்டுட்டுப் போகக் கூடாது.

இப்ப ட்ரிக்குக்கு வருவோம். ஒரு மணி நேரம் வெந்த வண்டியில, இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி, டிரைவர் கதவை அஞ்சு தடவை ஆட்டினேன். காத்து 57-லேர்ந்து 46-க்கு இறங்குச்சு. அடேங்கப்பான்னு இருந்துச்சு. எல்லாத்தையும் மூடிட்டு நாலு நிமிஷம் விட்டேன். மறுபடி 53. டேஷ்போர்டு? 74-லேர்ந்து 73.

ஏன்னு பேப்பர்ல போட்டுப் பாத்தா அசிங்கமா எளிமையா இருக்கு. கேபின்ல இருக்கிற காத்து சுமாரா 3 கன மீட்டர். எடை போட்டா மூணு கிலோ சொச்சம். அதை 25 டிகிரி குளிர வைக்க 80 கிலோஜூல் எடுத்தா போதும். ஆனா டேஷ்போர்டு, சீட், கதவுல இருக்கிற பிளாஸ்டிக், கார்பெட், கூரைத்துணி எல்லாம் சேத்து குறைஞ்சது நூறு கிலோன்னு வெச்சுக்கோங்க. கிலோவுக்கு ஒன்றரை கிலோஜூல் கணக்குல அதே 25 டிகிரிக்கு 3750 கிலோஜூல் வருது. காத்தை விட நாப்பது மடங்குக்கு மேல. கதவை ஆட்டி நீங்க வெளியேத்துறது அந்தச் சின்ன பங்கை. புதுசா உள்ள வந்த காத்தை, மிச்ச நாப்பது பங்கும் சேந்து மறுபடி சூடு பண்ணிடுது. அப்பா சரி.

அந்தச் சூடு எங்கேர்ந்து வருது? உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல விழற சூரிய சக்தி ஏறக்குறைய 1000 வாட். கண்ணாடி வழியா ஒரு கிலோவாட்டுக்கு மேல உள்ள போகும்னு தாராளமா வெச்சுக்கலாம். அதாவது சீட் மேல ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி வெச்சுட்டு, கதவைப் பூட்டிட்டுப் போற மாதிரி. உள்ள வர்ற வெளிச்சம் குறைஞ்ச அலைநீளம், கண்ணாடி விட்டுடும். 70 டிகிரிக்கு சூடான டேஷ்போர்டு திருப்பி அனுப்புறது 8 மைக்ரோமீட்டர் பக்கத்துல இருக்கிற அகச்சிவப்பு, அதைக் கண்ணாடி விடாது. காத்தும் வெளிய போக வழியில்ல. வரவு மட்டும்தான், செலவே கிடையாது.

அப்படின்னா செய்ய வேண்டிய வேலை, அயர்ன் பாக்ஸ் ஆன் ஆகாமப் பாத்துக்கிறது. மூணாம் நாள் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் சில்வர் ஷீட் வெச்சேன். காத்து 57-க்குப் பதிலா 49, டேஷ்போர்டு 74-க்குப் பதிலா 52. பளபளப்பு வெளிப்பக்கம் பாத்து இருக்கணும், அதுதான் விஷயம். வெளிச்சமாவே திருப்பி அனுப்பினா கண்ணாடி வழியா வெளிய போயிடும். கறுப்புத் துணி போட்டா அது வெளிச்சத்தைக் குடிச்சு, உள்ளயே சூடாக் கக்கும். டேஷ்போர்டு தப்பிக்கும், நீங்க தப்பிக்க மாட்டீங்க. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமேன்னு கேப்பீங்க. மோட்டார் வாகன விதிப்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விடணும். கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு 2012-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டுச்சு. மஞ்சள் போர்டு வண்டியை முதல்ல நிறுத்துவாங்க, சொல்லணுமா.

வண்டி கலர் பத்தியும் கேக்குறாங்க. கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்காரங்க ஒரு கறுப்பு காரையும் ஒரு சில்வர் காரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி அளந்திருக்காங்க. கூரையில 25 டிகிரி வரைக்கும் வித்தியாசம். உள்ள காத்துல அஞ்சாறு டிகிரிதான். கூரை சூட்டுல கொஞ்சம்தான் உள்ள வருது, பெரும்பகுதி கண்ணாடி வழியாங்கிறதுக்கு இதுவே சாட்சி.

நாலாம் நாள், தெருமுனை வேப்பமரம். செலவு பூஜ்யம். காத்து 42, டேஷ்போர்டு 46.

மடிக்கணினியைத் தூக்கிட்டுப் போய் அப்பாகிட்ட நாலு கோட்டையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இது என்ன, எல்லாத்துக்கும் கீழ பச்சைக் கோடு?" "வேப்பமரம்ப்பா." "இதுக்கு எதுக்கு இவ்ளோ ஒயரு?"

அப்புறம்தான் அவர் சொல்ல ஆரம்பிச்சாரு. அவங்க ஸ்டாண்டுல ஒரே ஒரு வேப்பமரம். அடியில ரெண்டு வண்டி நிக்கலாம். ஸ்டாண்டுல வண்டி பதினொண்ணு. பதினோரு மணி வரைக்கும் நிழல் ரோட்டுப் பக்கம், ரெண்டு மணிக்கு மேல டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், அதுக்கேத்த மாதிரி வண்டியை நகத்துவாங்க. சர்க்கரை இருக்கிற ஒரு அண்ணனுக்கு ஒரு இடம் நிரந்தரம், இன்னொண்ணு முறை வெச்சு. நான் ரீல்ஸ்ல பாக்குற ஒவ்வொண்ணுக்கும் அவர்கிட்ட ஏற்கெனவே ஒரு பதில் இருந்துச்சு. சீட்டுல வெள்ளைத் துண்டு ஏன்? ரெக்சின் தொடையைப் பொசுக்கும், வெள்ளைத் துணி சூடு கம்மியா வாங்கும், வேர்வையையும் உறிஞ்சும். மணி கோத்த சீட் கவர் ஏன்? முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவுல காத்து போகும், வேர்வை காயும். நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை அரை சுத்து திருப்பி வைப்பாரு, கை பிடிக்கிற மேல்பாகம் கீழ போயிடும், திரும்பி வந்து பிடிக்கும்போது சுடாது. அம்மா சேலைக் கிழிசலை நனைச்சுப் பிழிஞ்சு டேஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும் ஒரு இழுப்பு இழுப்பாரு. இதை நான் வெறும் பழக்கம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக 2400 கிலோஜூல் கிட்ட எடுத்துக்கும். ஒரு டம்ளர் தண்ணி செய்யிற வேலையைக் கதவை நூறு தடவை ஆட்டினாலும் செய்ய முடியாது. வேலூர் மாதிரி வறண்ட வெயிலுக்கு இது நல்லா எடுபடும், சென்னைப் புழுக்கத்துல அவ்வளவு இல்ல. ஐஸ் தண்ணியை மட்டும் கொதிக்கிற கண்ணாடி மேல ஊத்திடாதீங்க, விரிசல் விடலாம்.

ஏசி விஷயத்துலயும் நம்ம எல்லாருமே ஒரு தப்பு பண்றோம். ஏறி உக்காந்ததும் கண்ணாடியை மூடி, உள்காத்தே சுத்துற பட்டனை அழுத்தி, ஃபேனை நாலுல வைக்கிறோம். உள்ள 57, வெளிய 40. எந்தக் காத்தைக் குளிர வைக்கிறது சுலபம்? அப்பா நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டுட்டு, வெளிக்காத்து மோடுல ஏசி போட்டு, வண்டியை நகத்திடுவாரு. நின்ன இடத்துலயே வெச்சிருந்தா கம்ப்ரஸர் மெதுவா சுத்தும், வண்டி ஓடும்போதுதான் முழு வேகம் பிடிக்கும். ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டின பிறகு கண்ணாடியை ஏத்தி, உள்ள வெளியை விடக் குளிர்ந்ததும், அப்பதான் அந்த உள்சுற்றுப் பட்டன். இதைப் பாத்துட்டு "என்னண்ணா, ஏசி வண்டின்னு சொன்னீங்க, கண்ணாடியை இறக்கிட்டுப் போறீங்க"ன்னு கேட்டு ஒரு ஸ்டார் கொடுத்துட்டுப் போனவங்க உண்டு. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு விளக்கம் சொன்னா கேக்குறதுக்கு ஆள் இல்ல. அதனால இப்ப சவாரி வர்றதுக்கு முன்னாடியே, சொந்த டீசல்ல, ஒரு ரவுண்டு போயிட்டு வர்றாரு.

இவ்வளவும் தெரிஞ்ச ஆளுதான் அன்னிக்கு ஸ்டீயரிங் மேல விழுந்து கிடந்தாரு. இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். அவருக்கு ஒரு ட்ரிக் கூடத் தெரியாம இல்ல. "இங்கயே இருங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்க, இறங்கினா விசில் அடிக்க இன்னொருத்தர் நின்னாரு. சுத்தி இருக்கிற காத்து நம்ம தோலை விடச் சூடா இருந்தா, உடம்பு சூட்டை வெளிய விட மிச்சம் இருக்கிற ஒரே வழி வேர்வை. மூடின வண்டியில அதுவும் சீக்கிரம் காயாது. முதல்ல கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், அப்புறம் தலைவலி, குமட்டல், தலைசுத்தல். அப்பாவுக்கு அதுக்கு முந்தின ஒரு வாரமாவே ராத்திரி கால் இழுத்திருக்கு. அம்மா தைலம் தேச்சு விட்டிருக்காங்க. யாரும் வெயிலோட சேத்து யோசிக்கல. பேச்சு குழறினா, சம்பந்தமில்லாமப் பேசினா அது அடுத்த கட்டம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைச்சு, விசிறி விட்டு, கழுத்து, அக்குள்ல ஈரத்துணி வெச்சு, 108-க்கு அடிக்கணும். நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

ஜூன்ல ஸ்டாண்டுக்காரங்க ஆளுக்கு முந்நூறு போட்டு, சவுக்குக் கம்பு நட்டு, நர்சரியில கட்டுவாங்களே அந்தப் பச்சை நிழல்வலை, அதுல 75 சதவீதம் நிழல் தர்ற ரகம் வாங்கி நாலு வண்டி அகலத்துக்குக் கட்டினாங்க. எந்த சதவீதம் வாங்கணும்னு என்கிட்டதான் கேட்டாங்க, நான் அந்த நாலு கோட்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வலைக்கு அடியில காத்து 44-ஐத் தாண்டல. பதினேழு நாள் இருந்துச்சு. யாரோ புகார் கொடுத்து, ரோட்டு ஓர ஆக்கிரமிப்புன்னு அவிழ்த்துட்டாங்க. கம்பு போயிடுச்சு. வலை மட்டும் மடிச்சு எங்க வண்டி டிக்கியில கிடக்கு, அதுக்கு அனுமதி கேட்டு எழுதின மனுவோட நகல் டேஷ்போர்டு பெட்டியில இருக்கு.

அப்பா மாத்திக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரி சவாரின்னா, "வாசல்ல நிக்க மாட்டேன், மரத்தடியில இருப்பேன், முடிஞ்சதும் போன் பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்"னு முதல்லயே சொல்லிடுறாரு. ஒத்துக்கிறவங்க ஒத்துக்கிறாங்க. கேன்சல் பண்றவங்க பண்றாங்க.

நாலு சென்சார்ல ஒண்ணை, ஒரு சின்ன டிஸ்ப்ளேயோட, வண்டியிலயே விட்டுட்டு வந்தேன். இந்த ஏப்ரல்லேர்ந்து தினம் மதியம் ஒரு மணி வாக்குல அதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்ல அனுப்புறாரு. கீழ ஒரு வார்த்தையும் இருக்காது. முந்தாநாள் 48. லேப்ல இருந்தேன், வெளிய வந்து போன் பண்ணேன், எடுக்கல, அரை மணி நேரம் எனக்கு எதுவும் ஓடல. நேத்து 39. மரத்தடியில இடம் கிடைச்சிருக்கு.